கட்டிலுக்கு அடியில் ராஜா

அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக வேங்கிக்கால் முனையிலேயே தடுப்பு போட்டுவிட்டார்கள். வெளியூர் பஸ்கள் ஊருக்கு வெளியே ஆட்களை இறக்கிவிட, ஜனங்கள் தண்ணீர் பாட்டிலும் கைக்குழந்தையுமாக மலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். முருகையன் வீட்டு வாசல் வழியாகவும் காலையிலிருந்தே அந்த நடை தொடங்கிவிட்டது.

வீட்டுக்குள் அதைப் பார்க்க ஆள் இல்லை. மாமியார் சந்திரகலாவும் மருமகள் கீதாஞ்சலியும் முன்னறைக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலின் மேல் முருகையன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“ராஜா... வாடா கண்ணு. ஒரு வாய் குடிச்சிட்டுப் படுத்துக்கோ” என்று சந்திரகலா பால் கிண்ணத்தை உள்ளே தள்ளினாள்.

சுவரோரம் சாம்பல் நிறத்தில் குவியலாக ஒரு கடுவன் பூனை. கண் மட்டும் பளிச்சென்று ஒரு தரம் திறந்து மூடியது. அவ்வளவுதான்.

“அத்தை, நேத்து வச்ச பாலும் அப்படியே இருக்கு” என்றாள் கீதாஞ்சலி.

“அதுக்கு இனிமே பாலு இன்னாத்துக்கு, சோறு இன்னாத்துக்கு?” மேலேயிருந்து முருகையன் சுவரிடம் பேசுகிற மாதிரி பேசினார். “ஆம்பளயா இருந்ததுக்கு அடையாளமே இல்லாம அறுத்து எறிஞ்சாச்சு. அப்புறம் தின்னா இன்னா, தின்னாட்டி இன்னா.”

அந்தப் பேச்சு தனக்குத்தான் என்று கீதாஞ்சலிக்குத் தெரியும். அதில் பாதி ராஜாவைப் பற்றியது இல்லை என்பதும் தெரியும்.

முருகையன் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அடி அண்ணாமலையில் இருந்த நிலத்தைத் தம்பி பார்வையில் விட்டுவிட்டு, மகன் பிரசாத் கட்டிய இந்த வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தார். வரும்போது மடியில் வைத்துக் கொண்டுவந்தது ராஜாவை. பிரசாத்துக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனி ஞாயிறுதான் வீடு. கீதாஞ்சலி கலெக்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அமைதியாகப் போய்க்கொண்டிருந்த அந்த வீட்டில்தான், சிறுநீர் சரியாகப் பிரியவில்லை என்று போன முருகையனுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் புராஸ்டேட் சுரப்பியில் புற்று என்று சொன்னார்கள்.

டாக்டர் ஒளிக்காமல்தான் சொன்னார். அந்த நோயை வளர்க்கிற சுரப்பு பெரும்பாலும் விதைகளில் ஊறுகிறது. அவற்றை எடுத்துவிட்டால் நோய் பட்டினி கிடந்து அடங்கும். ஊசி வழியும் உண்டு, ஆனால் காலமெல்லாம் விடாமல் போட வேண்டும். இவர் உடம்புக்கு அறுவையே மேல். கேட்டுக்கொண்டு வந்த முருகையன் ஊர் வந்து சேரும்வரை ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

வீட்டுக்கு வந்தால், ராஜாவின் பின்பக்கம் மொட்டையாகச் சிரைக்கப்பட்டிருந்தது.

கீதாஞ்சலி அதைச் செய்தது மாமாவை நோகடிக்க அல்ல. ராஜா பூஜை அறைக் கதவில் பின்புறத்தைத் திருப்பி மூத்திரம் அடித்துவைத்தான். மாமாவின் மடித்த வேட்டியில் அடித்துவைத்தான். கடைசியில் எதிர்வீட்டு ரேணுகாம்பாள் காயப்போட்ட வடகத்தின் மேலேயே அடித்துவைக்க, அந்தம்மா தெருவே கூடும்படி கத்தினாள். இரவெல்லாம் சண்டை, காது கிழிந்து ரத்தத்தோடு வருவான். மாமாவும் அத்தையும் வேலூரில் இருந்த சமயத்தில், செங்கம் ரோட்டில் ஒரு மிருக டாக்டரம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோய்க் கருத்தடை செய்து கொண்டுவந்துவிட்டாள். வேலூரில் என்ன சொன்னார்கள் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

“ஊர்ல இல்லாத நேரம் பாத்து முடிச்சிட்டாளா?” என்று அன்றைக்கு அவர் மனைவியிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது. “சரி. அடுத்தது நான்தான்.”

அதன் பிறகு அவர் கீதாஞ்சலியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மனைவியிடம் கேட்பார். மனைவி இல்லையென்றால் தாகத்தோடு இருப்பார்.

அறுவைக்குத் தேதி கொடுக்க வேலூரில் நாளானது. அந்த இடைவெளி முழுவதும் அவருக்கு ஒரே வேலை, ராஜாவைக் கவனிப்பது. ராஜா தெருவுக்குப் போவதை நிறுத்தினான். மதில்மேல் வேறு கடுவன் வந்து நின்று கத்தினாலும் திரும்பிப் படுத்தான். பசி மட்டும் ஜாஸ்தியானது. “பாத்தியா, சந்திரா? பாத்தியா?” என்று ஒவ்வொன்றையும் மனைவிக்குக் காட்டுவார். பரிதாபப்பட்டுத் தன் கையாலேயே பாக்கெட் தீனியைக் கொட்டிக் கொட்டிக் கொடுப்பார். அவரும் மெல்ல மெல்லக் கட்டிலோடு சேர்ந்தார். தவறாமல் கிரிவலம் போகிறவர், போவதை விட்டார். பயந்துவிட்டார் என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

நாளைக்கு வேலூரில் சேர வேண்டும். விடிந்ததும் பிரசாத் காரோடு வந்துவிடுவான். நிலைமை இப்படி இருக்கும்போதுதான் ராஜா கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டான்.

“சந்திரா” என்றார் முருகையன்.

“ம்... சொல்லுங்க.”

“நாளைக்கு நான் எங்கயும் வரல. உம்புள்ளைகிட்ட சொல்லிடு.”

சந்திரகலா வெளியே எடுத்த பால் கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தாள். “இப்டித் திடுதிப்புன்னு சொன்னா எப்டிங்க?”

“இன்னா திடுதிப்பு? கீழ குனிஞ்சி பாரு. நாளைக்கு இந்தக் கட்டில் மேல அதேதான் கெடக்கும். அத இன்னொரு தரம் வேற பாக்கணுமா ஒனக்கு?”

சந்திரகலா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, டிவி மேல் இருந்த செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் படியேறினாள். மகனிடம் அழப்போகிறாள் என்று நினைத்தாள் கீதாஞ்சலி.

சமையலறைக்குப் போய் உலை வைத்தாள். லீவு எடுத்திருந்த நாள். நாளைக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகள் பையில் மடித்துத் தயாராக இருந்தன. அந்தப் பையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் குளியலறைப் பக்கம் ஒரு சத்தம். கதவு கிறீச்சிடுவது போல ஆரம்பித்து, தொண்டைக்குள்ளேயே அமுங்கிப்போகிற சத்தம்.

எட்டிப் பார்த்தாள். ராஜா ஜலதாரை ஓரத்தில் குந்தியிருந்தான். உடம்பு முழுக்க இறுகியிருந்தது. முக்கினான். எழுந்து ஓரடி தள்ளிப் போய் மறுபடி குந்தினான். மறுபடி முக்கினான். பிறகு காலைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நக்கினான்.

அவன் நகர்ந்த பிறகு தரையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

நேற்றும் அவன் இப்படி இரண்டு மூன்று தடவை இந்தப் பக்கம் வந்து போனது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மலச்சிக்கல் என்று நினைத்து விட்டிருந்தாள். செங்கம் ரோட்டு டாக்டரம்மா மதிவதனிக்குப் போன் போட்டாள்.

“சொட்டாவது வருதா?”

“இல்லைங்க டாக்டர். காஞ்சி கெடக்கு.”

“சாப்பாடு?”

“நேத்துலருந்து தொடலை.”

“உடனே கொண்டாங்க. சாயந்தரம் பாக்கலாம், கூட்டம் கலையட்டும்னு இருக்காதீங்க. இப்பவே.”

கீதாஞ்சலி காய்கறிக் கூடையைக் காலி செய்து, பழைய துண்டை விரித்து, ராஜாவைத் தூக்கப் போனாள். அவன் சீறி, அவள் மணிக்கட்டில் நீளமாகக் கீறிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பாய்ந்துவிட்டான். பாய்ந்தான் என்பதுகூடச் சரியில்லை, உடம்பை இழுத்துக்கொண்டு போனான்.

அவனை எதிர்ப்பில்லாமல் தூக்கக்கூடிய ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான்.

கட்டிலருகே போய் நின்றாள். இத்தனை நாளாக அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“மாமா.”

முதுகு அசையவில்லை.

“மாமா, ராஜாவுக்கு மூத்திரம் அடைச்சிக்கிச்சு. உடனே கொண்டாரச் சொல்றாங்க. எங்கிட்ட வர மாட்டேங்கிறான். நீங்க தூக்கிக் குடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்.”

“இன்னா அடைச்சிக்கிச்சு?” முருகையன் திரும்பினார்.

“மூத்திரம். ஒரு சொட்டு கூட வரலை. முக்கி முக்கிப் பாக்குறான்.”

அந்த வார்த்தைகளைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அது எப்படி இருக்கும் என்பதை அந்த வீட்டில் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். கீழே கையை நீட்டினார். “வாடா” என்றார். ராஜா வந்தான்.

“அவன நீ தனியா எடுத்துட்டுப் போவ முடியாது. கூடையோட எகிறிடுவான்” என்றார் அவளைப் பார்க்காமலே. “சட்டையக் குடு.”

மாடியிலிருந்து சந்திரகலாவின் பேச்சுச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. “அத்தை, டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்துடறோம்!” என்று கீழிருந்து கத்திவிட்டு கீதாஞ்சலி வாசலுக்கு ஓடினாள்.

ஆட்டோக்கார மொஹ்சின் அந்தத் தெருக்காரன். கூடையைப் பார்த்ததும் சிரித்தான். “இன்னா மாமு, ராஜா சவாரியா? பௌர்ணமிக்குக் கிரிவலமா?”

“வண்டிய எடு மொஹ்சின்” என்றார் முருகையன். அவர் குரலைக் கேட்டு அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

ஊருக்குள் வண்டி விடவில்லை. பைபாஸில் சுற்றி, செங்கம் ரோடு தொடுகிற இடத்தில் மறுபடி தடுப்பு. “இதுக்கு மேல போலீஸ் உட மாட்டான் மாமு. இங்கருந்து நடைதான். திரும்பறப்ப போன் போடு கீதாக்கா, இங்கயே நிக்கிறேன்” என்றான் மொஹ்சின்.

இறங்கினார்கள். கூட்டம் ரோட்டோர ஆசிரமத்தைத் தாண்டி மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் புகுந்து அதன் வேகத்துக்கே நடக்க வேண்டியிருந்தது. கூடை முருகையன் கையில். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அது கீதாஞ்சலிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. நடக்க நடக்க பயமாக மாறியது.

“சாமியோவ்! செருப்பு! உங்க செருப்பு வுழுந்துச்சி பாருங்க!” பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

கீதாஞ்சலி திரும்பிப் பார்த்தாள். சற்றுத் தூரத்தில், நடக்கிற கால்களுக்கு நடுவே மாமாவின் இடது செருப்பு உதைபட்டுக் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

முருகையன் அதற்குள் வெகுதூரம் போயிருந்தார். ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் வெறுங்காலோடும். நண்பகல் வெயிலில் தார் ரோடு கொதித்தது. வெறுங்காலில் வந்த பக்தர்களே ஓரத்து நிழலைத் தேடிப் பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் நடு ரோட்டில், இடது பாதத்தைத் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தார். செருப்பு போனதும் தெரியவில்லை, சுடுவதும் தெரியவில்லை.

“மாமா, செருப்பு...”

அவர் குனிந்து தன் காலையே அந்நியர் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். “ஓ” என்றார். “கூட்டத்துல கழண்டுடுச்சி போல.”

டாக்டர் மதிவதனியின் கிளினிக் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதி. வாசலில் கால் உடைந்த தெருநாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கூடைக்குள் ஒரு பார்வை பார்த்த டாக்டர், அவளிடம் கையைக் காட்டிக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ராஜாவை மேசைக்கு எடுத்துப் போனார்.

அடிவயிற்றைத் தொட்டார். ராஜா அலறினான்.

“மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கு. எப்பலருந்து இப்டி ஒளிஞ்சிக்கிட்டான்?”

“முந்தாநேத்துலருந்தே கட்டிலுக்கு அடியிலதான்” என்றாள் கீதாஞ்சலி.

“அன்னிக்கே ஏன் வரலை?”

கீதாஞ்சலி மாமாவைப் பார்த்தாள். முருகையன்தான் பதில் சொன்னார். “ஆபரேஷன் பண்ணதால அப்டி ஆயிட்டான்னு நெனச்சோம்மா. அறுத்துட்டா சோர்ந்து சுருண்டு போயிடும்னு...”

“யாரு சொன்னது உங்களுக்கு?” டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டார். “இங்க பாருங்க ஐயா. இந்த ஆபரேஷன் பண்ணா ஊர் சுத்தறது கொறையும், சண்டை கொறையும், கண்ட எடத்துல அடிக்கறது கொறையும். அதுகூட ஒடனே இல்ல, ஒடம்புல இருக்கற சுரப்பு வடியறதுக்கு சில வாரம் ஆவும். பசி ஜாஸ்தியாவும். அசையறது கம்மியானா குண்டாவும். இதெல்லாம் ஆபரேஷன். சோறு தொடாம இருக்கறது, இருட்டுல போய் ஒடுங்கறது, தொட்டா சீறுறது... இது ஆபரேஷன் இல்ல. இது வலி.”

“வலின்னா கத்தியிருக்குமே?”

“பூனை கத்தாது. முடிஞ்சவரைக்கும் மறைக்கும். வலிக்குதுன்னு காட்டிக்கிட்டா வேற ஏதாச்சும் வந்து அடிச்சிடும்னு அதுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம். நாமதான் அத மாத்தி நெனச்சிக்கறோம்.”

முருகையன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஊசி போட்டதும் ராஜா மயங்கினான். கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் மெல்லிசு, தண்ணீர் குடிக்காமல் காய்ந்த தீனியாகவே தின்று ஒரே இடத்தில் கிடந்தால் உள்ளே மணல் போலச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் வேலையினூடே சொன்னார். காய்ந்த தீனி என்றதும் முருகையன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டதைக் கீதாஞ்சலி கவனித்தாள். மெல்லிய குழாய் உள்ளே போனது. முதலில் வந்தது சிறுநீராகவே இல்லை. ரத்தம்தான் கலங்கலாக வந்தது.

“ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க” என்றார் டாக்டர். “சிறுநீரகம் எவ்ளோ அடி வாங்கியிருக்குன்னு தெரியல. நெஞ்சுத் துடிப்பும் கம்மியா இருக்கு. இங்கயே இருக்கட்டும். பொழைப்பான்னு என்னால சொல்ல முடியாது.”

“டாக்டரம்மா” என்றார் முருகையன். “ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“பொழைச்சான்னு வச்சிக்கோங்க. இவன்... இவனாத்தான் இருப்பானா? பழைய ராஜாவா?”

டாக்டருக்கு அவர் நோயைப் பற்றி எதுவும் தெரியாது. பூனைக்காரர் கேட்கும் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். “உங்களத் தெரியும். கூப்ட்டா வருவான், மடியில படுப்பான். பழகின பழக்கம் எங்கயும் போவாது. மாத்தமே இருக்காதுன்னும் நான் பொய் சொல்ல மாட்டேன். முன்ன இருந்த வேகம் இருக்காது.”

“எது இல்லன்னு அதுக்குத் தெரியுமா?”

டாக்டர் ராஜாவின் தலையைத் தடவினார். “தெரியலீங்க. அதக் கேட்டு சொல்ல ஆளில்லையே.”

கீதாஞ்சலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மாமனாரும் மருமகளும் ஆயுளில் பேசிக்கொள்ள முடியாத பேச்சு அது. பூனையின் பெயரில், அவள் காது கேட்க, அவர் பேசிவிட்டார்.

வெளியே போக அவர் திரும்பியபோது இடது கால் மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். டாக்டரின் பார்வை அந்தக் காலுக்குப் போனது.

“கால்ல என்ன ஐயா?”

“பஸ் ஓட்டுன காலும்மா. முதுகும் அப்டித்தான்.”

“மரத்துப் போவுதா?”

அவர் வேட்டியை இழுத்து அந்தக் காலை மறைத்தார்.

“நான் மிருக டாக்டர். ஆனா முதுகு வலியோட கால் மரத்துப் போனா அத நாள் கடத்தக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். உங்களப் பாக்கற டாக்டர்கிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க.”

வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரோட்டில் ஜனம் போய்க்கொண்டே இருந்தது. பஞ்சுமிட்டாய்க்காரன் மணியடித்தான். கால் உடைந்த நாயைத் தூக்கிக்கொண்டு அந்த வெள்ளைக்காரப் பெண்மணி உள்ளே போனாள்.

“மாமா” என்றாள் கீதாஞ்சலி. “எத்தனை நாளா இந்தக் கால்?”

“காலு இப்பதான். ஒரு வாரமா இருக்கும்.” தொடையைத் தேய்த்துக்கொண்டார். “முதுகு முன்னாலருந்தே. எலும்புக்குள்ள ஆணி வச்சி அடிக்கிற மாதிரி. படுத்தாலும் போவாது, உக்காந்தாலும் போவாது.”

“ஏன் மாமா சொல்லலை? நாங்க எல்லாம்...”

“பயந்துட்டேன்னு நெனச்சீங்க. நெனைக்கட்டும்னு உட்டுட்டேன். பயம்னா மானம்தான் போவும். முதுகு வலின்னு வாயத் தொறந்தா அந்த டாக்டரு இன்னா சொல்லுவான்? எலும்புக்கும் பரவிடுச்சின்னு சொல்லுவான். அதக் கேட்டுட்டு வீட்டுக்கு வர என்னால ஆவல.” அவர் கண் ரோட்டிலேயே இருந்தது. “அதுவும் போயி, இதுவும் போவணுமா கீதா? அறுக்கறத அறுத்துக்கிட்டு, அப்புறமும் போய்ச் சேர்றதுக்கா?”

கீதா என்றார். அவள் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததை அவர் கவனித்தாரோ இல்லையோ, அவள் கவனித்தாள்.

“உங்களுக்குத் தெரியாம ராஜாவைக் கொண்டுபோனது தப்புதான் மாமா. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

“ஆமா. கேட்டிருக்கணும்” என்றார் அவர். சமாதானமாக ஒன்றும் சேர்க்கவில்லை. பிறகு, “ஆனா அவன் இன்னிக்குக் கெடந்தது உன்னால இல்ல. அவனுக்கு வலிச்சது. நான் பக்கத்துலயே படுத்துக்கிட்டு வேற கதைய அவன் மேல ஏத்திக்கினு இருந்தேன்.”

“நாளைக்கு வேலூர் போலாம் மாமா.”

ரோட்டில் ஒரு குடும்பம் வட்டமாக நின்று எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் தின்று முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போலாம்” என்றார் கடைசியில். “ஆனா ஒண்ணு. காலு, முதுகு எல்லாம் டாக்டர்கிட்ட நீ சொல்லு. பிரசாத் எதிர்க்க எனக்கு வாய் வராது. எங்கப்பனுக்கு இப்டின்னு அவன் அழுதுடுவான். நீ அழாம சொல்லுவ.”

“சொல்றேன் மாமா.”

“எல்லாத்தையும் சொல்லிடு. மறைக்காத.”

மொஹ்சின் வண்டியில் திரும்பும்போது அவர் காலியான கூடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கீதாஞ்சலி மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தாள். முதலில் கால். பிறகு முதுகு. வேலூருக்கு இன்றைக்கே போன் செய்து கேட்க வேண்டும். நாளைக்குச் சேர்கிறோமே, இடம் தயாராக இருக்கிறதே, சேர்ந்துவிட்டால் சரியாகிவிடாதா என்ன? அந்த நினைப்பு ஒன்றைத்தான் அவள் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீடு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சந்திரகலா நிலைப்படிக்கு உள்ளேயே நின்றிருந்தாள். காலி கூடையைப் பார்த்தாள்.

“செத்துப்போச்சா?”

“இல்ல அத்தை, அங்கயே வச்சிருக்காங்க. ராஜா ஆபரேஷனால அப்டி கெடக்கல அத்தை, மூத்திரம் அடைச்சி வலியில கெடந்திருக்கான். மாமாவும் நாளைக்கு வரேன்னுட்டாரு. காலையில உங்க புள்ள வந்ததும் கெளம்பிடலாம்.”

சந்திரகலா அசையாமல் நின்றாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்த முகத்தில் ரத்தமே இல்லை.

“இன்னா சந்திரா?” என்றார் முருகையன். படிக்குக் கீழே, சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“நீங்க வரலன்னீங்களே... அதான் காலையிலயே நான் வேலூருக்குப் போன் பண்ணிட்டேன்.” அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம், எங்களுக்கு அந்த ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டேன். அந்த வாயில்லா ஜீவனப் பாத்தேன். நீங்களும் அப்டி சுருண்டு கெடந்தா நான் பாக்க மாட்டேன்னு தோணிச்சு. இருக்கறவரைக்கும் நீங்க நீங்களாவே இருங்கன்னு...”

“அத்தை!”

“மதியம் மனசு கேக்காம திரும்பப் பண்ணேன். நாளைக்கு எடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்களாம். புதுசா பேரு பதிஞ்சி, முறை வரும்போது கூப்டுவாங்களாம். பிரசாதுக்கு இன்னும் சொல்லல. அவன் ராத்திரியே ஓசூர்ல கெளம்பிடுவான்.” அவள் கணவனைப் பார்த்தாள். “திட்டுங்க. ஏதாச்சும் திட்டிடுங்க.”

முருகையன் திட்டவில்லை. “நான் சொன்னதத்தான் செஞ்சிருக்கிற. உள்ள வரேன், வழி உடு” என்றார்.

வலது கால் படியேறியது. இடது கால் கீழேயே நின்றுவிட்டது. அவர் அதைத் தூக்கப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வேட்டியில் ஒரு நடுக்கம் ஓடியதே தவிர, கால் வரவில்லை.

“இன்னாங்க, இன்னா ஆச்சு?” சந்திரகலா பதறி அவர் தோளைப் பிடித்தாள்.

கீதாஞ்சலி கூடையைக் கீழே போட்டாள். மண்டியிட்டு, அந்த இடது பாதத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். ரோட்டில் வெந்து உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் கிளம்பியிருந்தது. ஒன்று உடைந்து, மண் ஒட்டி, சதை தெரிந்தது. அவள் விரல் அதன் மேலேயே அழுத்தமாகப் பட்டுவிட, அவளுக்குத்தான் உடம்பு கூசியது.

பாதத்தைத் தூக்கி நிலைப்படிக்கு உள்ளே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

முருகையன் காலைப் பார்க்காமல் வாசல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தூக்கு கீதா” என்றார். “காலத் தூக்கி உள்ள வையி.”